சன்னி

பேரே சரியில்லை என்றார் மாமா.
நிசான் சன்னி.
சன்னி கண்ட உடம்பு கொதிக்கும், குளிரும்,
பிதற்றும், எழுந்து நடக்கப் பார்க்கும்.
நான் சிரித்தேன்.
சீட்டுக் காசு முழுக்கக் கொடுத்தாகிவிட்டது.

புரட்டாதி பிறக்க முள்ளு ஆடத் தொடங்கிற்று.
கல்லடியில் பாதியில் நிற்கும்;
கிரான்குளம் தாண்டச் சிவப்பைத் தொட்டு
மறுகா இறங்கும்,
கடன் கொடுத்தவரைக் கண்டு
ஒழுங்கைக்குள் கிறுகுகிறவன் மாதிரி.
ஓரத்தில் நிறுத்தி, பொனட்டைத் தூக்கி
ஆவி தேடினேன். ஆவி இல்லை.
அளவாய்ச் சுட்ட எஞ்சினைக்
கடற்காற்று விசிறிக்கொண்டிருந்தது.

தேர்மோஸ்டட் என்றார் ஆரையம்பதிக் கனகசூரியம்.
மாற்றினார்.
தண்ணிக்குள் காற்று என்றார் அடுத்த கிழமை.
காரின் மூக்கை மேட்டில் ஏற்றி, ஆறவிட்டு, மூடி திறந்து,
குமிழி ஓயும்வரை ஊற்றினார்.
மூடியே பழுது என்றார். மூடி வாங்கினேன்.
சென்சர் என்றார்.
கொழும்பு பஸ்ஸில் வந்து இறங்கியது
புளியங்கொட்டை அளவு பித்தளை.
அன்றிரவும் முள்ளு ஆடியது.

"ஹெட் கழற்ற வேணும், மிஸ்."
சத்திரசிகிச்சைக்குக் கையெழுத்துக் கேட்கும்
டாக்குத்தர் குரல். முகத்தைப் பார்க்கவில்லை.

நான் கணக்குப் படிப்பிக்கிறவள்.
விடைக்கு முதல் செய்கையைப் பார்ப்பேன்.
ஒன்பதாம் ஆண்டுக் கொப்பியொன்றின் கடைசிப் பக்கத்தில்
எழுதத் தொடங்கினேன்:
காலை ஆறே முக்கால், தாழங்குடா, பாதி.
பகல் பன்னிரண்டு, தார் இளகும் வெயில், களுவாஞ்சிகுடி, பாதி.
இரவு ஏழு, மழைத் தூறல், குருக்கள்மடம், சிவப்பு.
இரவு ஏழே கால், தூறல், செட்டிபாளையம், சிவப்பு.

பேனையை மூடாமல் கொஞ்ச நேரம் இருந்தேன்.
வெயிலில் ஆறியிருந்து
குளிரில் கொதிப்பது
எந்த எஞ்சின்?

இருட்டில் நிறுத்தி வைத்து
லைட்டைப் போட்டேன். ஏறியது.
அணைத்தேன். விழுந்தது.
பிரேக்கை மிதித்தேன். துள்ளியது.
பக்கத்தில் பெற்றோல் முள்ளும்
கூடவே ஏறி இறங்கியது,
ஒரு சதம் கொடாமல்.

இது சூட்டுக்கு இல்லை.
வெளிச்சத்துக்கு நடுங்குது.

காத்தான்குடியில் வயரிங் செய்கிற சபூர்தீன்
கொப்பியை வாங்கி வாசித்தார்.
இரண்டாம் தரமும் வாசித்தார்.
"எர்த்," என்றார்.
புவித்தொடுப்பு என்னும் பாடப்புத்தகம்.
டேஷ்போட்டுக்குக் கீழே தலையை விட்டுப் படுத்தார்,
கால் இரண்டும் றோட்டில்.
விரிப்பை உரிக்கச் சேறு,
பாளம் பாளமாய் வெடித்த வாவிச் சேறு,
அதில் ஒரு சின்ன மட்டி.

விற்றவர் சத்தியம் பண்ணியிருந்தார்:
வீட்டுக்குள்ளயே நிண்ட கார், தங்கச்சி.
பொய்யில்லை.
அந்த வருசம் வெள்ளமும்
வீட்டுக்குள்ளதான் நிண்டிருக்கு.

வயர் முனையில் பச்சைக் களிம்பு.
செம்பில் களிம்பு, உயிரில் மலம் என்று
மாமாங்கத்தில் பிரசங்கம் நடந்தபோது
நான் கச்சான் உடைத்துக்கொண்டிருந்தேன்.
சபூர்தீன் அரத்தாள் கிழித்து
ஊதி ஊதித் தேய்த்தார்.
செம்பு சிவந்தது. முடுக்கினார்.
"ஐந்நூறு தாங்க. பாதி வேலை கொப்பி செஞ்சிட்டு."

லைட்டைப் போட்டேன்.
வெப்ப முள்ளு நடுவில், அசையவில்லை.
பெற்றோல் முள்ளு
இறங்கியது, இன்னும் இறங்கியது,
அடியில் போய்ப் படுத்தது.
அதை நான் பார்க்கவில்லை.
நடு முள்ளையே பார்த்துக்கொண்டு
வீடு வரைக்கும் ஓடலாம் என்றிருந்தேன்.

ஓந்தாச்சிமடம் பாலத்துக்கு முன் கார் நின்றது.
கிரிக்கெட் முடிந்து வந்த மூன்று பெடியன்கள்
துடுப்பைக் கூரையில் வைத்துவிட்டுத் தோள் கொடுத்தார்கள்.
"என்ன மிஸ், சூடாகிற்றா?"
"சூடில்லை," என்றேன்,
ஸ்டியரிங்கைப் பிடித்தபடி.
"தள்ளுங்க."