சீமெந்துப் பையில் கீறியது

வெறும் பை நாலு, தூசி உதறித் தந்தவள் இராசமலர்.
முத்தையன்கட்டு வீட்டுத் திட்டத்தில் மண் சுமக்கிறாள்.
பையோடு ஒரு மத்தியானமும் கேட்டேன்,
அசையாமல் இருக்க.
இருந்தாள். பெடியன் மடியில் நிற்கவில்லை.
அவனை நான் ஊகித்துக்கொண்டேன்.

பாலைக்கட்டைக் கரி.
தாள் சொரசொரப்பு, கோடு தானாக நடுங்கும்.
எதையும் உள்ளபடி கீறுகிறவள் அல்ல நான்:
கழுத்தைக் கிணற்றுக் கயிறாக இழுத்தேன்,
ஒரு கண்ணைக் காதடிக்குத் தள்ளினேன்,
சீமெந்து தின்ற கைகளை
முழங்காலிலும் பெரிதாக்கினேன்.
பெரிதாக்கியதில் இடம் போதவில்லை,
பையின் தையல் ஓரம் வந்துவிட்டது.
மிஞ்சிய நாலு விரலையும்
பிள்ளையின் முகத்தில் மடித்து வைத்தேன்.
அவ்வளவுதான். வேறொன்றும் நினைக்கவில்லை.

எழும்பி வந்து பார்த்தாள்.
கழுத்தைப் பற்றிக் கேட்கவில்லை, கண்ணைப் பற்றியும்.
"ஆர் ரீச்சர் உங்களுக்குச் சொன்னது?"

எதை?

"பங்கருக்கை இவன்ரை வாயை
நான் பொத்தினதை."

கூரைத் தகரத்தில் சோளகக் காற்று
மண்ணை வாரி எறிந்தது.

"பதினொரு பேர் இருந்தனாங்கள்.
மூச்சு இருக்கோ எண்டு
பிறகுதான் பாத்தனான்.
அந்தக் கையை அழிச்சு விடுங்கோ."

பாண் துண்டால் தேய்த்தேன்.
கரியைக் குடித்த சீமெந்துத் தாள் லேசில் விடாது.
விரல்கள் போயின.
வாயில் கறுப்பு நின்றது,
தேய்க்கத் தேய்க்க அகன்றது.

அப்போதுதான் நிதுசன் ஓடி வந்தான்,
காற்சட்டைப் பொக்கற்றில் ஏதோ நசிந்து ஒழுக.
எட்டிப் பார்த்தான்.
தன் நாக்கை நீட்டிக் காட்டினான்.
"இவனும் நாவற்பழம் திண்டவன்!"

நான் சிரித்தேன், கொஞ்சம் அவசரமாக.
இராசமலர் சிரிக்கவில்லை.
அவன் தாடையைப் பிடித்து
வெளிச்சத்துக்குத் திருப்பி
வாய்க்குள் பார்த்தாள் நெடுநேரம்,
கொட்டையை விழுங்கிவிட்டானோ என்று தேடுகிறவள் போல.
சட்டை நுனியால் துடைத்தாள்.
அந்த ஊதாவும் போகவில்லை.

படத்தைக் கொண்டு போகச் சொன்னேன்.
"வேண்டாம். இஞ்சை இருக்கட்டும்."

மறுநாள் கொட்டில் வாசலில்
இன்னும் இரண்டு பை,
உதறி, மடித்து,
காற்றுக்குப் பறக்காமல் மேலே ஒரு கல்.