மூன்றாம் மாடியில் நிற்காத மின்தூக்கி

ஒன்பது மணிக்குப் படுத்தால்தான்
மூன்றரைக்கு எழ முடியும்.
நாலேகாலுக்கு டிப்போ,
ஐந்தரைக்கு முதல் பேருந்து என் கையில்.
பதினோரு வருடக் கணக்கு இது,
தூக்கத்துக்கு மட்டும் இந்த அட்டவணை புரிவதில்லை.

பெரிய வண்டி ஓட்டுகிறீர்கள் என்று
மாத்திரை தர மறுத்தார் டாக்டர்.
வெளியே வந்ததும் தாதி ரொஹானா பிடித்துக்கொண்டாள்.
உன்னை நீயே மயக்கிக்கொள் என்றாள்,
மலாயில், சிரிக்காமல்.
கண்ணை மூடு. மூச்சைக் கேள்.
இறங்குகிற வழி ஒன்றை நினைத்துக்கொள்,
படியோ மின்தூக்கியோ.
மாடிக்கு மாடி உடம்பில் ஓர் இடம் கனக்கட்டும்.
தரைக்கு வரும்போது நீ இருக்க மாட்டாய்.

கடைசி வாக்கியம் எனக்குப் பிடித்திருந்தது.

முதல் இரவே இலக்கணத்தில் சிக்கல்.
என்னை நான் எப்படிக் கூப்பிடுவது?
'உங்கள் கண்ணிமைகள் கனக்கின்றன' என்றேன்.
ரயில் நிலைய அறிவிப்புப் போல இருந்தது;
அடுத்த நிலையத்தின் பெயரைச் சொல்வார்களென்று
விழித்துக் காத்திருந்தேன்.
'நீ தூங்கப்போகிறாய்.'
மகனை மிரட்டிய பழைய குரல்.
பெர்த்தில் இருக்கிறான், அங்கேயும் இதே மணிதான்,
படுத்திருப்பானா என்று அரை மணி போயிற்று.
'நாம் தூங்குவோம்.'
நாமா? கட்டிலின் மறுபாதியில்
மடிக்காத துணி.

கடைசியில் எழுவாயைக் கழற்றி வைத்தேன்.
எழுவாய் என்கிற சொல்லே
எழுந்திரு என்றுதானே சொல்கிறது.
வினை மட்டும் போதும்:
கனக்கட்டும். இறங்கட்டும்.

மின்தூக்கி வந்தது.
வந்தது பழையது.
தோ பாயோவில் நான் வளர்ந்த புளோக்கில்
ஒன்று, ஐந்து, ஒன்பதில் மட்டுமே நிற்கும் அது.
மற்ற மாடிக்காரர்கள் அரிசி மூட்டையோடு நடப்பார்கள்.
பின்னாளில் வாக்கெடுத்து
எல்லா மாடிக்கும் கதவு வைத்தார்கள்.
என் மண்டைக்குள் வாக்கெடுப்பு நடக்கவில்லை.

ஒன்பதில் ஏறினேன். நெற்றி தளர்ந்தது.
எட்டு, ஏழு, ஆறு, வெறும் சுவர்.
கழுத்து, தோள், முழங்கை
எதற்கும் இறங்க இடமில்லை.
ஐந்தில் கதவு திறந்தது, யாரும் ஏறவில்லை.
பிறகு ஒரே இறக்கம்.
தரையில் முழு விழிப்போடு நான்,
கடிதப் பெட்டிகளின் முன்,
சாவி இல்லாமல்.

ஐந்து இரவுகள் இப்படி.
மேல்வீட்டில் கோலி உருளும் சத்தம் வேறு.
மேல்வீடு ஏப்ரலிலிருந்து காலி.

பழந்தமிழில் தூங்குதல் என்றால் தொங்குதலாம்.
அப்படியானால் கம்பியில் தொங்கும் இந்தப் பெட்டிக்குள்
நான் தூங்கிக்கொண்டுதானே இருக்கிறேன்?
உடம்பு இந்த வாதத்தை ஏற்கவில்லை.

ஆறாம் இரவு ஐந்தில் இறங்கிவிட்டேன்.
யோசிக்கவில்லை, கால் இறங்கியது.
படிக்கட்டில் விளக்கு ஒன்று விட்டு ஒன்று.
நாலாம் மாடித் திருப்பத்தில்
முன்சக்கரம் இல்லாத சைக்கிள்,
யாரோ காகிதம் எரித்த தகர டின், இன்னும் இளஞ்சூடாக.
கைப்பிடியின் பச்சைப் பெயிண்ட் உள்ளங்கையில் குளிர்ந்தது.
குளிரட்டும்.
வலது கால், பிரேக் கால்,
பகலெல்லாம் அரை அங்குலம் மேலேயே நிற்கும் கால்,
படியில் முழுசாகப் பதிந்தது.
பதியட்டும்.
மூன்றாம் மாடிக்கு இன்னும் ஏழு படி இருக்கும்.
ஆறு.
அங்கே யார் குடியிருந்தார்கள்?
அத்தனை வருடத்தில் ஒருமுறை கூட
எட்டிப் பார்த்ததில்லை அந்த மாடியை.
ஒரு கதவு திறந்திருந்தது, உள்ளே மின்விசிறி ஓடும்

மூன்றரைக்கு அலாரம்.

முதல் நிறுத்தத்தில் ஏறிய துப்புரவுக்காரர்
அட்டையைத் தட்டிவிட்டு உட்கார்ந்தார்,
ஜன்னலில் தலை சாய்த்தார், போய்விட்டார்.
எண்ணவில்லை, இறங்கவில்லை.
கண்ணாடியில் பார்த்தேன், கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.
அவர் இறங்குமிடம் எனக்குத் தெரியும்.
வளைவுகளை மெதுவாக எடுத்தேன்.