மூன்றே கால்

ரயில்வே ஞானையாவின் கண்ணீர் அஞ்சலி
ராத்திரி பத்தரைக்குள் அச்சகம் போகணும்.
படம் திறக்கிறது.
முதலில் நெற்றி.
அப்புறம் புருவம்.
மூக்குப் பாதியில்
நீல வளையம் சுற்ற ஆரம்பித்தது.
போனில் மருமகன்:
'அக்கா, முகம் வந்துட்டா?'
'மூக்கு வரைக்கும் வந்துட்டாவ.'
அவர் சிரிக்கவில்லை.
துட்டி வீட்டில் யார் சிரிப்பார்.

ரெண்டு ஜிபி.
வாங்கும்போது தாராளம் என்றார்கள்.
பதினோரு வருஷத்துக்கு முந்தைய தாராளம்.
இப்போது பிரவுசரைத் திறந்தால்
டிசைனுக்கு மூச்சு வாங்குகிறது.
புதுப் பெட்டி முப்பதாயிரம்.
ஓர் அஞ்சலிக்கு எனக்கு நூற்றைம்பது.
கணக்குப் போட்டால்
இருநூறு பேர் சாக வேண்டும்,
அதுவும் சமாதானபுரம் சுற்றுவட்டாரத்தில்.
வேண்டாம் ஆண்டவரே.

ஜெனிட்டாவின் வேன் கட்டணத்தை
ஒரு வாரம் தள்ளிச் சொல்லிவிட்டு
எண்ணூற்று நாற்பது ரூபாயோடு
ஜங்ஷன் போனேன்.
மாடியில் மசூது கடை.
கண்ணாடிப் பெட்டிக்குள் பழைய ரேம்கள்
நெத்திலிக் கருவாடாய் அடுக்கிக் கிடந்தன.
'முப்பத்திரண்டா, அறுபத்துநாலா?'
என்ன கேட்கிறார் என்று புரியவில்லை.
புரியாத மாதிரி காட்டிக்கொள்ளவும் இல்லை.
'பெருசாவே தாரும்.'
'ரெண்டு ஜிபி போதும்க்கா, முந்நூறுதான்.'
'நாலு?'
'அறுநூத்தம்பது.'
'அறுநூறு.'
அவர் மின்விசிறியைப் பார்த்தார்.
அறுநூற்றிருபதில் இறங்கினார்.

வீட்டுக்கு வந்து வைத்தால்
பள்ளம் ஒரு நூல் தள்ளி இருக்கிறது.
அழுத்திப் பார்த்தேன்.
அழுத்தினால் சேருவதற்கு அது என்ன சம்பந்தி வீடா.

மறுபடி பஸ்.
பொம்பிளையாய்ப் பிறந்ததில் அன்றைக்கு லாபம்,
போக வர டிக்கெட் இல்லை.
அவர் போயிருந்தால்
பெட்ரோல், டீ, ஒரு சண்டை.
ஆற்றுப் பாலத்தில் நெரிசல், பஸ் நின்றுவிட்டது.
கைக்குட்டைக்குள் பழைய ரேம் சுருட்டி வைத்திருக்கிறேன்.
கீழே தாமிரபரணி
பாதி பாறை, பாதி தண்ணீர்,
அதுவும் லோடு ஆகிக்கொண்டிருந்தது.

'முதல்லயே இதைக் கொண்டு வந்திருக்கலாம்லா'
என்றார் மசூது.
வந்திருக்கலாம்.

மாற்றிக் கொடுத்ததில்
ஏதோ பைனான்ஸ் கம்பெனியின் ஸ்டிக்கர்
பாதி கிழிந்து ஒட்டியிருந்தது.
யார் யார் வட்டி இதில் ஏறி இறங்கியதோ.
கரண்டை நிறுத்தினால்
அதற்கு ஒரு பாக்கியும் ஞாபகம் இருக்காது.

பெட்டியைத் திறந்தேன்.
தூசி. ரெண்டு பல்லி முட்டை.
தொலைந்துபோனதாய் நினைத்த ஒற்றைத் தோடு
(எப்படி உள்ளே போனது, இன்றுவரை தெரியாது).
செருகி, பொத்தானை அழுத்தினால்
மூன்று முறை கூவியது.
திரை கறுப்பு.
ஜெனிட்டாவின் பென்சில் டப்பாவிலிருந்து
ரப்பரைக் கேட்காமல் எடுத்தேன்.
தங்கப் பற்களை
மேலும் கீழும் தேய்த்து ஊதி
ரெண்டு பக்கமும் கிளிக் கேட்கும்வரை
கட்டை விரல் வலிக்க அமுக்கினேன்.
ஒரே ஒரு கூவல்.

ஆறு ஜிபி என்று காட்டியது.
பக்கத்திலேயே சின்ன எழுத்தில்,
பயன்படக் கூடியது மூன்றே கால்.

போன் போட்டேன்.
'அதான்க்கா அன்னைக்கே கேட்டேன்,
முப்பத்திரண்டா அறுபத்துநாலான்னு.
உங்க விண்டோஸுக்கு அதுக்கு மேல கண்ணு தெரியாது.'
வீட்டில் சொல்லவில்லை.
ஆறு என்றுதான் சொல்லியிருக்கிறேன்.
ஆறுதானே.
காசு கொடுத்த ரெண்டே முக்கால்
உள்ளே சும்மா கிடக்கிறது, கிடக்கட்டும்.

போன வாரம் ஞானையாவுக்கு
முப்பதாம் நாள் ஆராதனை போஸ்டர்.
அதே படம்.
இந்தத் தடவை ஒரே வீச்சில் திறந்தது.
மூக்கு, மீசை, காதோரம் ஒரு மரு,
சட்டைப் பையில்
மூடி இல்லாத சிவப்புப் பேனா.
அன்றைக்கு அவருக்குப் பேனா இருந்ததே
எனக்குத் தெரியாது.

மருமகன் கூப்பிட்டார்.
'அக்கா, முகம் வந்துட்டா?'
'பையில உள்ள பேனா வரைக்கும் வந்துட்டாவ.'
அந்தப் பக்கம் ஒரு சத்தம்.
சிரிப்பா தும்மலா, தெரியவில்லை.
அதற்குள் கரண்ட் போனது.
சேமித்திருந்தேன்.