கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது

மாங்கூழ் ஆலையில் இரண்டாம் ஷிப்ட் முடிந்து
காவேரிப்பட்டணத்திலிருந்து நின்றுகொண்டே வந்தேன்.
பையில் சாவி இல்லை என்பது
பழையபேட்டையில், வீட்டு வாசலில்தான் தெரிந்தது.
மணி பதினொன்று இருபது.
விரலிடுக்கெல்லாம் தோத்தாபுரி வாசனை.

மேல்வீட்டு ரத்னம்மா
குப்பத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள்.
ஓனர் பெங்களூரில். போனை அணைத்துவிட்டுத் தூங்குகிறவர்.

மின்கம்பத்தில் ஒட்டியிருந்த எண்ணுக்கு அடித்தேன்.
என்ன பூட்டு, எந்தத் தெரு என்று கேட்டவன்
அடுத்ததாகக் கேட்டான்:
"தனியாவா இருக்கீங்க?"
வைத்துவிட்டேன்.
சொன்ன தெருப்பெயரைத்தான்
திரும்ப வாங்க முடியவில்லை.

இரண்டாவது எண்
ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்த மருந்துக்கடைக்காரர் கொடுத்தது.
"நம்ம கடையை ஒருதரம் அவன்தான் திறந்தான்.
அவன் போனதும் கல்லாவை எண்ணிப் பார்த்தேன்.
சரியா இருந்துச்சு."
சிபாரிசு என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்,
ஒருமுறையாவது சந்தேகப்பட்டுப் பார்த்தவர் சொல்வதாக.

முனவர், முப்பது வயதிருக்காது.
கால்பந்து பனியன்,
எக்ஸெல் வண்டியின் முன்னால் எவர்சில்வர் டிபன் பாக்ஸ்,
அதற்குள் கம்பிகள்.
பூட்டைத் தொடவே இல்லை அவன்.
"உங்க வீடுதான்னு ஏதாச்சும் காட்டுங்க."

ஆதாரில் பாலக்கோடு விலாசம்.
கரண்ட் பில் எப்போதோ செத்துப்போன
ஒரு முனிரத்தினத்தின் பெயரில்.
வாடகைப் பத்திரம் உள்ளே, பீரோவில்.
"திறங்க, எடுத்துக் காட்டறேன்."
"திறக்கறதுக்குத்தாங்க கேக்கறேன்."

எட்டு மணி நேரம் நின்ற கால்.
என் வாசலில் நானே திருடியாக நிற்கிற ஆத்திரத்தில்
வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன்.
அவன் டிபன் பாக்ஸ் கொக்கியைத்
திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தான்.
"ஆயிரமா வாங்கிக்க" என்றதும்
மூடிவிட்டு வண்டிப் பக்கம் போனான்.

ஏறி உட்கார்ந்தபிறகு கேட்டான்:
"கதவுக்குப் பின்னால என்ன இருக்கு?"

இடப்பக்கம் சுவிட்சு, ஓரம் உடைந்தது.
போன வருடக் காலண்டர்,
படத்துக்காகக் கழற்றாமல் விட்டது.
குடை ஒன்று.
அப்புறம்
நாக்கு வரவில்லை.

மூன்றாவது ஆணியில் ஆம்பிளை ஹெல்மெட், கறுப்பு.
எனக்கு வண்டி கிடையாது.
பார்சல்காரனுக்கும் சிலிண்டர்காரனுக்கும்
கதவைப் பாதி திறக்கையில்
கண்ணில் படட்டும் என்று மாட்டியது.

பதினோரு வருடத்தில் முதல்முறையாக
அதை ஒரு ஆணிடம் சொன்னேன்.
அதுவும்
பூட்டைத் திறக்கத் தெரிந்தவனிடம்.

நாலு நிமிடம்.
இரண்டு கம்பி.
தினமும் இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு
நான் பஸ் ஏறப் போன பூட்டு
நாலு நிமிடம்தான் பெறும்.

கதவைத் தள்ளினான். கால் வைக்கவில்லை.
செல்போன் வெளிச்சம்
சுவிட்சுக்குப் போனது, காலண்டருக்கு,
ஹெல்மெட்டில் ஒரு நொடி நின்றது.
"சரிங்க."

விடுவேனா,
பத்திரத்தை எடுத்து வந்து முகத்துக்கு நேரே நீட்டினேன்.
அதையும் வாங்கி
வரிவரியாகப் படித்தான்.
கோபத்தோடு கோபமாகச் சிரிப்பு வந்தது.

அந்த ராத்திரியே வேறு பூட்டு போட்டான்.
பெட்டியை என்னிடம் கொடுத்து
"சீல் பாருங்க, நீங்களே பிரிங்க,
சாவி எத்தனைன்னு எண்ணிச் சொல்லுங்க" என்றான்.
மூன்று.
நோட்டில் பெயர், கதவு எண், மணி, கையெழுத்து.
மேலே இருந்த பெயர்களை
உள்ளங்கையால் மூடிக்கொண்டு
என் வரியை மட்டும் காட்டினான்.
இனி வருகிறவர்களிடமிருந்து
என் பெயரையும் அந்தக் கை மூடும்.

ஆயிரத்து எண்பது, பூட்டோடு சேர்த்து.
இரண்டாயிரமாகவே கேட்டிருக்கலாம்,
கொடுத்திருப்பேன்.

வண்டியை மிதித்துக் கிளப்பியவன்
வாசல் ஓரம் பார்த்தான்.
யாரும் போடாத
ஒன்பதாம் நம்பர் செருப்பு.
அதைப்பற்றி நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

"தூசி படிஞ்சிருக்குக்கா.
அப்பப்ப திருப்பிப் போடுங்க."