ஒன்பதாவது நொடி

ரீகாவில் பிப்ரவரி. டௌகாவா ஆறு
கெட்டியாகிப் பதினொரு நாள்.
மூன்றாம் மாடியில் விஸ்மா
சாலிடர் புகையை ஊதித் தள்ளுகிறாள்.
மேசையில் ஒரே ஓர் ஆசிலேட்டர்.
இரண்டாவது வாங்கக் காசில்லை,
இருப்பதையே இரண்டு குரலில் பாடவைக்க வேண்டும்.

திரையில் ரம்பப்பல் அலை:
சாண் ஏறுகிறது, சாணே சறுக்குகிறது.
முழம் சறுக்குவதெல்லாம் மனிதருக்கு.
நொடிக்கு நூற்றுப்பத்துப் பற்கள்.

வேகத்தை அவள் தொடவில்லை.
ஒவ்வொரு பல்லையும்
முந்தையதைவிட ஒரு மயிரிழை
முன்னே தள்ளிவைக்கிறாள், அவ்வளவுதான்.
ஒருமுறை தள்ளினால் காதுக்குத் தெரியாது.
தள்ளுவதை நிறுத்தவே இல்லையென்றால்
அது வேறொரு சுருதி:
நூற்றுப்பத்து, அதன்மேல் ஒன்பதில் ஒரு பங்கு.

தள்ளுவதற்கும் ஒரு ரம்பம்தான்.
சோம்பேறி ரம்பம்,
ஒன்பது நொடி ஏறி ஒரே மூச்சில் விழுவது.
அது விழும் கணத்தில்
கம்பேரேட்டர் அதே உயரம் துள்ளி
விழுந்த தடத்தை மூட வேண்டும்.
இருபது மில்லிவோல்ட் குறைகிறது.

டிக்.

கதவு தட்டப்படுகிறது. கீழ்வீட்டு ஓயார்ஸ்,
விடியுமுன் டிராம் எடுக்கிறவர், கம்பளிக் காலுறையோடு.
ரம்பம் போடுவதைத் திட்ட வந்திருக்கிறார் என்று
மன்னிப்புக்கு வாய் திறக்கிறாள்.
"இரைச்சல் பரவாயில்லை," என்கிறார்.
"தண்டவாளத்தோடு இருபது வருஷக் குடித்தனம்.
அந்த டிக். அதை எண்ண ஆரம்பித்துவிட்டேன்.
எட்டு வந்ததும் மூச்சைப் பிடிக்கிறேன்."

அவள் ஸ்கோப்புக்கு அது அகப்படவே இல்லை.
அவள் காதோ மாலையிலேயே மரத்துவிட்டது.

எனவே ஓயார்ஸ் கீழே போகிறார்.
ஹீட்டர் குழாயில் காதை வைத்து
டிக் கேட்கும்போதெல்லாம் கரண்டியால் தட்டுகிறார்.

டங்.
டிரிம்மரில் கால் சுற்று.
டங், கொஞ்சம் மெல்ல.
இன்னும் கால் சுற்று.
டங்! டங்!
தாண்டிவிட்டாள். பின்னே வா,
நகக்கண் அளவு.

ஒன்பது.
பதினெட்டு.
இருபத்தேழு.
குழாயில் தண்ணீர் மட்டும் நடக்கிறது.

அறைக்குள் ஒரு குரல் இன்னொன்றை
மெதுவாகக் கடந்துபோய்
மறுபடி பின்னாலிருந்து வருகிறது.

சரியாகிவிட்டதா,
ஓயார்ஸ் தூங்கிவிட்டாரா?
இறங்கிப்போய்க் கேட்கலாம்,
எழுப்பிவிட்டால்?
ஸ்குரூடிரைவரைக் கீழே வைக்காமல்
உட்கார்ந்திருக்கிறாள்,
எட்டு வரும்போதெல்லாம்
மூச்சைப் பிடித்துக்கொண்டு.