குளோரின் இல்லாத தண்ணீர்

பகலில் நான் திருகோணமலைக்குத் தண்ணீர் பார்க்கிறவள்.
பாலையூற்று, உவர்மலை, உப்புவெளி,
குழாய் குழாயாகத் திறந்து
சிறு குப்பியில் ஏந்தி
மாத்திரை ஒன்று கரைத்து
இளஞ்சிவப்பு ஏறும்வரை நிற்பேன்.
ஏறினால் கிருமி செத்துவிட்டது,
ஊர் குடிக்கலாம்.
கையெழுத்து வைப்பேன்.

இரவில் அதே கை
கிருமிக்குச் சீனி கரைக்கிறது.

குழாய்த்தண்ணீர் சரிவராது.
காலையில் நான் ஒப்பமிட்ட தண்ணீர்
இரவில் என் ஈஸ்ட்டுக்கு ஆகாது.
பின்வளவு இக்னேசியஸ் வீட்டுக் கிணற்றில்
ஒரு வாளி இரவல்.
"என்ன, உங்கட சபைத் தண்ணியில
உங்களுக்கே நம்பிக்கை இல்லையோ?"
சிரித்து வைத்தேன்.
வாளி விளிம்பால் தளும்பிச் செருப்பு நனைந்தது.

பழம் கொண்டுவந்தவன் முபாரிஸ்,
பக்கத்து மேசை.
கச்சான் காற்று மண்ணை வாரியடிக்கும் மாதத்தில்
குச்சவெளி தாண்டிய தெருவோரம்
சாக்கு விரித்து விற்பார்களே, பாலைப்பழம்.
முதலில் தேன். பிறகு பால்.
பேச வாயெடுத்தால்
உதட்டை உதடு விடாது.
ஆறு கிலோவை மேசைக்குக் கீழே தள்ளிவிட்டு
"குடிக்கிற கதை என்னோட வேணாம் மிஸ்,
இலக்கத்தை மட்டும் சொல்லுங்க" என்றான்.

குடி எனக்கும் தெரியாது.
பலிபீடத்துக் கிண்ணம்
என் வாங்குவரை வந்ததேயில்லை.
ஒன்று இன்னொன்றாக மாறுவதைப்
பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும்,
அவ்வளவுதான் ஆசை.

ஆய்வுகூடம் கழித்துவிட்ட
வடிநீர்ப் போத்தல் நாலு.
பாமசியில் வாங்கிய சேலைன் குழாய்.
முனை மூழ்க ஒரு யோகட் கோப்பைத் தண்ணீர்.
இரண்டாம் நாள் இரவு கரண்ட் போனபோது
இருட்டுக்குள் கேட்டது:
டொக்.
கொஞ்சம் பொறுத்து, டொக்.
கட்டிலில் எழுந்திருந்து எண்ணினேன்.
நிமிடத்துக்கு முப்பத்தொன்று.

காலையில் முபாரிஸ்:
"எத்தனை?"
"ஆயிரத்து எண்பத்தாறில தொடங்கினது,
இண்டைக்கு அறுபது."
"அப்ப சீனி இறங்குது."
தன் குறிப்பேட்டில் ஒரு புள்ளி வைத்துக்
கோட்டை இழுத்தான்.
சபை வரலாற்றில் இல்லாத வரைபடம் ஒன்று
குளோரின் பதிவுக்கும் லீவுப் படிவத்துக்கும் நடுவில்
சரிந்து சரிந்து போனது.

ஒருநாள் பொலிஸ் ஜீப்
எங்கள் ஒழுங்கையில் மெதுவாகியது.
கசிப்பு என்ற சொல்
முதல்முறையாக என் பெயருக்குப் பக்கத்தில் வந்து நின்றது.
போத்தல்களுக்கு மேல் போர்வை போட்டேன்.
போர்வைக்குள்ளிருந்து டொக்.
ஜீப் தேடியது ஒரு மாட்டை.

சக்கையை வேலியோரம் கொட்டியது என் பிழை.
விடியற்காலை கோட்டைப் பக்கமிருந்து வந்த மான்கள்
நக்கித் தீர்த்துவிட்டன.
அதிலொரு கொம்பன்
ஏழரை மணிக்கு நடுவீதியில் நின்று
பள்ளிக்கூட ஓட்டோ ஒன்றை
உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தது.
ஹோர்னுக்கும் அசையவில்லை.
பிள்ளைகள் இறங்கி நடந்தார்கள்.

ஐந்தாம் வாரம் மணம் மாறியது.
எங்கோ காற்றுப் புகுந்திருக்கிறது,
பழ ஈ ஒன்று போதும்.
முதல் போத்தல், மூன்றாவது, பிறகு இரண்டாவது.
நாக்கில் ஒரு துளி, கண் மூடிக்கொண்டது.
புளி.

சொல்லாமல் இருக்கலாம் என்று நினைத்தேன்.
"எத்தனை?" என்றான்.
இலக்கம் இல்லை, காடியாகிவிட்டது என்றேன்.
முபாரிஸ் குறிப்பேட்டை மூடினான்.
திரும்பத் திறந்தான்.
"கொண்டு வாங்க, பார்ப்பம்."

மதிய இடைவேளையில்
இருவரும் பியூரெட்டின் முன் குனிந்தோம்.
சொட்டு, சொட்டு, ஒரு சொட்டு கூட,
இளஞ்சிவப்பு.
"நாலு தசம் எட்டு. கடைக் காடி தோத்துப்போகும்."
கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு
"தானாப் புளிச்சதுதானே மிஸ்?
உம்மாட்டக் கேட்டுப் பாக்கிறன்" என்றான்.

வெள்ளிக்கிழமை வந்தது ஒரு ஜாம் போத்தல்:
சின்ன வெங்காயம், பேரீச்சம்பழம்,
கீறிய பச்சைமிளகாய், கடுகு,
எல்லாம் என் தோல்விக்குள் ஊறியபடி.
மூடியில் அவன் கையெழுத்தில்: 4.8.
சோற்றோடு சாப்பிட்டேன்.
மூக்கால் தண்ணீர் வந்தது.

நாலாவது போத்தல்
மூலையில் இன்னும் நிற்கிறது.
தெளிந்துகொண்டு வருகிறது போலிருக்கிறது.
அவன் கேட்கிறதில்லை.
நேற்று எண்ணினேன்,
நிமிடத்துக்கு ஒன்று.
சிலவேளை அதுவும் இல்லை.