வெட்டுப்புள்ளி

முப்பதுக்குப் பதினேழு.
சிவப்புப் பேனையால் எழுதவில்லை,
ஆனாலும் கதிர்காமத்தம்பி தாளை எட்டிப் பார்த்தார்.
'பெயிலோ, பிள்ளை?'

திகதி தெரியவில்லை.
கிழமை சொன்னார், அதுவும்
சந்தை கூடுகிற நாளை வைத்து.
நினைவில் வைக்கச் சொன்ன மூன்று சொல்லில்
ஒன்றும் திரும்பி வரவில்லை.
நூறிலிருந்து ஏழு ஏழாய்க் கழியுங்கோ என்றேன்.
'எருமையில எண்டால் கழிப்பன்.
வெறும் நூறை எப்பிடிக் கழிக்கிறது?'
வசனம் எழுதும் இடத்தில்
பள்ளிக்கூடம் போகாத கை
பேனையை நாணயக்கயிறு மாதிரி இறுக்கியது.

'இது எந்த இடம்?'
மல்லாவி ஆஸ்பத்திரி என்றால் ஒரு புள்ளி.
அவர் திருப்பிக் கேட்டார்:
'இந்தக் கட்டடமோ,
மரத்துக்குக் கீழ நடந்ததோ?'
அதற்குப் படிவத்தில் கட்டமில்லை.

அடுத்தவர் அருளப்பு, ஓய்வுபெற்ற தபாலதிபர்.
தொண்ணூற்றுமூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது,
முத்திரை குத்துகிற வேகம்.
மணிக்கூடும் கீறினார், முள்ளுகளோடு, வடிவாய்.
இருபத்தொன்பது.
வெளியில் மகள் குரலைத் தாழ்த்தினாள்:
'ராவில எழும்பி,
செத்த அம்மாட்ட இருந்து தந்தி வரேல்லை எண்டு
என்னோட சண்டை, மிஸ்.'

இருபத்துநாலில் கோடு.
மருத்துவபீடத்துக்குப் போக இருந்து,
தசமத்துக்குப் பின்னால் நாலாம் இலக்கத்தில்
விழுந்தவள் நான்.
கோடுகளை எனக்குத் தெரியும்.

மத்தியானம், படிவங்கள் கோப்புக்குள் போனபிறகு
மருந்துப் பையோடு கதிர்காமத்தம்பி
யன்னலில் தட்டினார்.
'மாங்காய், கதிரை, காசு' என்றார்.
பதிலுக்கு நிற்கவில்லை.
பஸ் வந்துவிட்டது.